முறிந்த கொம்புக்கு ஒரு வரிப்படம்

முறிந்த மரக்கொம்பு ஒன்று என் மச்சான் வீட்டு விறாந்தையில் ஒரு வாரமாகக் கிடந்தது. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். எங்கள் ஊரில் கண்ணகி அம்மனுக்குக் கொம்பு முறிப்போம். வடசேரியும் தென்சேரியும் ஆளுக்கொரு வளைந்த கொம்பைக் கொண்டுவந்து, ஒன்றோடொன்று கொளுவி, கயிறு கட்டி இரு பக்கமும் நின்று இழுக்கும். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றார்கள். பிறகு வென்றவர்களின் நையாண்டிப் பாட்டுக் கேட்டே காது புளித்துப்போகும். அந்த வருடம் முறிந்தது எங்கள் கொம்பு.

மச்சான் பழியைத் தன் சிநேகிதர் தலையில் போட்டார். வாவியில் வலை வீசுகிற மனிதர் அவர். இருவரும் சின்ன வயதிலிருந்தே ஒரே கோப்பையில் சோறு தின்றவர்கள். அன்று சிநேகிதர் கையில் வெட்டுக்காயத்தோடுதான் இழுக்க வந்திருந்தார். "அவன் கயித்த விட்டான், கொம்பு போயிட்டு" என்று மச்சான் சந்தியில் நின்று சொன்னார். அதோடு சிநேகிதர் எங்கள் வீட்டு ஒழுங்கைப் பக்கமே வருவதில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பதினொரு வருடம் பௌதிகவியல் படிப்பித்த நானும் ஆமென்று தலையாட்டினேன்.

அந்த வாரம் உயர்தர வகுப்புக்குக் கயிற்றின் இழுவை நடத்தும்போது, பிள்ளைகளுக்குப் பிடிக்குமே என்று கொம்பையே உதாரணமாக எடுத்தேன். ஒரு கொம்பைத் தனியே பிரித்துக் கரும்பலகையில் கீறினேன். ஒரு பக்கம் கயிறு இழுக்கும் அம்பு, மறுபக்கம் எதிர்க்கொம்பு இழுக்கும் அம்பு. அடுத்த கொம்பையும் கீறினேன். அதே இரண்டு அம்புகள், அதே நீளம். சோக்கும் கையுமாக நின்றுவிட்டேன். ஒருவர் பிடியைத் தளர்த்தினால் அம்புகள் குறுகும், எங்கள் ஆட்கள் முன்னுக்கு இழுபடுவார்கள். கொம்பின் பாரம் குறையுமே தவிரக் கூடாது. அப்படியென்றால் அது ஏன் முறிந்தது?

பின்னேரம் மச்சானிடம் போய், கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் அதையே கீறிக் காட்டினேன். உன்னிப்பாகப் பார்த்தார்.

"அப்ப ரெண்டு கொம்புக்கும் ஒரே இழுவையா?"

"ஓம் மச்சான்."

"எங்கட பக்கம் ஆக்கள் கூட நிண்டாலும்?"

"நிண்டாலும்."

கொம்பை எடுத்து முறிந்த இடத்தைத் தடவினார். "மரத்தில இருந்து நான் இத வெட்டக்குள்ளயே ஒரு கீறல் கண்டனான். சின்னக் கீறல்தானே எண்டு விட்டுட்டன்."

மறுநாள் அதே சந்தியில், தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் சிநேகிதரை மறித்து, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "கொம்பு என்ர பிழை. இவன்ர கையில ஒரு பிழையும் இல்ல."

எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை, என் வரிப்படம் வென்றதென்று. சிநேகிதர் என்னையும் மச்சானையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கொம்பு முறிஞ்ச பிறகுதான்டா என்ர கை தளர்ந்த. என்னட்ட ஒரு வார்த்த நீங்க ஆரும் கேக்கல்லியே."