சாம்பல் சலித்த வெள்ளையம்மாள்

வெள்ளையம்மாளோடு கீரை வாங்கப் போகக்கூடாது. எங்கள் அடி அண்ணாமலையில் ஒரு தடவை போனவர்கள் யாரும் மறு தடவை போனதில்லை. கீரைக்காரி கட்டை நீட்டியதும் அவள் அதைப் பிரித்துத் தரையில் போட்டு, இது கீரை, இது களை, இதை மாடுகூடத் தின்னாது என்று மூன்று குவியலாக்கிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பாள். மளிகைக் கடையில் துவரம்பருப்பை உள்ளங்கையில் பரப்பி, அதில் கிடக்கிற ஏதோ ஒரு கறுப்பு விதையைக் காட்டி, இது நம்ம பக்கத்துப் பருப்பே இல்லை என்று கடைக்காரரோடு மல்லுக்கு நிற்பாள். நான் அதே தெருவில் குடியிருக்கும் ஆரம்பப் பள்ளி வாத்தியார். கரும்பலகையில் நான் அவரை விதை படம் போட்டுக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "அது மொச்சை, வாத்தியாரே" என்று முப்பது பிள்ளைகள் முன்னால் என் மானத்தை வாங்கியவள் அவள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை.

அவள் படித்தது மூன்றாம் வகுப்பு. பன்னிரண்டு வயதிலிருந்து மல்லாட்டைக் கொல்லைகளில், அதாவது வேர்க்கடலை வயல்களில், களை எடுத்தாள். பதினெட்டில் சுப்பிரமணியைக் கட்டிக்கொண்டாள். சுப்பிரமணிக்குத் திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் சோடா, கற்பூரம், வாழைப்பழம் விற்கிற சின்னப் பெட்டிக்கடை. நல்ல மனுஷன். யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாது. கடைக்காரனுக்கு இது எவ்வளவு பெரிய வியாதி என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

தொண்ணூற்றைந்தில் எழிலரசி என்கிற பெண் பெரிய வட்டத் தொப்பியோடு எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தாள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்பவள். ஏரிக்கரைக்கு அப்பால் ஒரு கொல்லையில் ஆதி மனிதர்கள் தங்கிய இடம் இருக்கிறது என்று கண்டுபிடித்து, கயிறு கட்டி, சதுரம் சதுரமாகக் குழி தோண்டினாள். குழிக்குள் கல்லாயுதத் துண்டுகளும், மூன்று கல் கூட்டிய அடுப்புகளும், அவற்றில் நாலாயிரம் வருடத்துச் சாம்பலும் இருந்தன. கல்லாயுதத்தைக்கூட அவள் அவ்வளவாக மதிக்கவில்லை. சாம்பலைத்தான் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகப் பை பையாக அள்ளினாள்.

பிறகு அந்தச் சாம்பலைக் கழுவ ஆரம்பித்தாள். ஊரே கூடிவிட்டது. பாத்திரத்தைச் சாம்பல் போட்டுக் கழுவுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சாம்பலையே கழுவுவதை யார் பார்த்திருக்கிறார்கள்? டிரம்மில் தண்ணீர் நிரப்பிச் சாம்பலைக் கொட்டிக் கலக்கினால் மண் அடியில் போய்விடும், அன்றைக்கு அடுப்பில் விழுந்து கருகிப்போன விதைகள் மேலே மிதக்கும், கருகியதால் அவை மட்காமல் கிடக்கின்றன, அவற்றைத் துணியில் வடித்து நிழலில் உலர்த்திப் பார்த்தால் அந்தக் காலத்து ஆட்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று தெரியும் என்று அவள் பொறுமையாக விளக்கினாள். எல்லோரும் தலையாட்டினோம். தங்கம் தேடுகிறாள் என்று முடிவு கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

தண்ணீர் தூக்கத்தான் வெள்ளையம்மாளைக் கூப்பிட்டார்கள். மூன்றாம் நாளே அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, காய்ந்துகொண்டிருந்த கறுப்புப் பொடிக்கு முன்னால் உட்கார்ந்து, தென்னங்குச்சியால் விதைகளை வகை வகையாகத் தள்ளிவிட்டாள். எழிலரசி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். ஒன்றுகூட மாறவில்லை. அன்றிலிருந்து குடம் தூக்க வேறு ஆள். வெள்ளையம்மாளுக்கு ஒரு ஸ்டூல், ஒரு மேசை, ஒரு பூதக்கண்ணாடி. குனிந்து குனிந்தே வாழ்ந்த பெண்பிள்ளை முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்து வேலை பார்த்தாள். அந்தக் கண்ணாடியைத் தினமும் முந்தானையால் அவள் துடைத்த மாதிரி வீட்டுச் சாமி படத்தைக்கூடத் துடைத்திருக்கமாட்டாள்.

இதெல்லாம் பேராசிரியர் மூர்த்திக்குப் பிடிக்கவில்லை. அவர் எழிலரசியின் மேலதிகாரி. முப்பது வருடம் கற்களோடு பழகி மனிதர்களோடு பேசும் பழக்கம் விட்டுப்போனவர். இங்கே தங்கியவர்கள் வேட்டைக்காரர்கள், உழவு தெரியாதவர்கள், ஆகவே விதையைத் தேடுவது வீண் என்பது அவர் கட்சி. ஆழத்தில் இருந்த கடைசி அடுப்பைத் தோண்டும்போது சாம்பலில் ஒரு கொள்ளு தெரிந்ததாக வெள்ளையம்மாள் சொன்னாள். கொள்ளு இருந்தால் உழவு இருந்தது என்று அர்த்தம். மூர்த்தி அவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழிலரசியிடம் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்த அடுப்பில் பாதியை எடுத்தாயிற்று, மீதிப் பாதியைத் தொடக்கூடாது. எடுத்த ஆறு பைச் சாம்பலில் உழவுக்கு அடையாளம் கிடைத்தால் வேலை தொடரும், இல்லையென்றால் குழியை மூடிவிட்டுக் கிளம்ப வேண்டியது. பௌர்ணமிக்கு மறுநாள் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

குழியை மூடினால் எழிலரசிக்கு வேறு குழி கிடைக்கும். வெள்ளையம்மாளுக்கு மறுபடியும் களைக்கொத்துதான்.

அது தொண்ணூற்றாறு ஐப்பசி. முந்தின நாள் மழையில் குழிக்குப் பக்கத்தில் போட்டிருந்த கொட்டகை ஒழுகி ஆறு பையும் நனைந்துவிட்டதால், காய்ந்தால்தான் விதை மிதக்கும் என்று அவற்றைக் கொட்டி உலர்த்த வெள்ளையம்மாள் புருஷனின் கடைக்குப் பக்கத்தில் பாய் விரித்தாள். எழிலரசி மூர்த்திக்கு லாட்ஜில் அறை பிடிக்க டவுனுக்குப் போயிருந்தாள். பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் அறை தேடிப் போகிறவளை எந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்க வைத்தார்கள் என்று தெரியவில்லை. பகலிலேயே பாதை நிறையக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. சாம்பல் நன்றாக உலர்ந்ததும், புருஷனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெள்ளையம்மாள், குடம் தூக்குகிற ஆள் அன்று வராததால், தானே பம்புசெட்டுக்குக் கழுவத் தண்ணீர் எடுக்கப் போனாள்.

வேலூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் சோடா குடித்துக்கொண்டே, இது என்ன சாம்பல் என்று கேட்டார். சுப்பிரமணி பொய் சொல்லாதவன். "நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாடி இங்க எரிஞ்ச அடுப்புச் சாம்பல்ங்க" என்றான். வேலூர்க்காரர் மலையைப் பார்த்தார், சாம்பலைப் பார்த்தார். இந்த மலையடியில் நாலாயிரம் வருடத்துக்கு முன்னால் தீ மூட்டி உட்கார்ந்திருக்கக்கூடிய ஆள் யார்? சித்தரைத் தவிர வேறு யாராக இருக்க முடியும்? அவர் செருப்பைக் கழற்றினார். அவருக்குப் பின்னால் வந்த குடும்பமும் கழற்றியது. ஐந்து நிமிடத்தில் வரிசை. அது வெறும் சமையல் அடுப்பு என்று சுப்பிரமணி நாலு பேரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறான். சித்தர் சமைத்த அடுப்பு என்று இன்னும் பக்தியாகக் கையை நீட்டியிருக்கிறார்கள். கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாதவன், கடையில் தொங்கிய தினசரி காலண்டரில் நவம்பர், டிசம்பர் இரண்டு மாதத்தையும் கிழித்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தான்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, வரிசையில் மூன்றாவது ஆள் நான். அது என்ன சாம்பல் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் வகுப்புப் பிள்ளைகளையே அழைத்துப்போய்க் காட்டியிருக்கிறேன். ஆனாலும் வரிசை என்று ஒன்று நின்றால் என் கால் கேட்பதில்லை. நெற்றி நிறையப் பூசி, ஒரு சிட்டிகை வாயிலும் போட்டுக்கொண்டேன். நறநறவென்று இருந்தது.

வெள்ளையம்மாள் திரும்பி வந்தபோது பாய் காலி. ஒருத்தர்கூட வெறுங்கையோடு போகவில்லை என்று சுப்பிரமணி பெருமையாகச் சொன்னான். அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பாயைப் பார்த்தாள். அப்புறம் என் நெற்றியைப் பார்த்தாள்.

"நீங்களுமா, வாத்தியாரே?"

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சைக்கிளை எடுத்தேன். அவள் குழி வேலைக்கு வைத்திருந்த மிக நுண்ணிய சல்லடையையும் ஒரு வெள்ளைத் துணியையும் எடுத்துக்கொண்டு கேரியரில் ஏறினாள். பின்னாலிருந்து துரத்தினால் முதுகுதான் தெரியும், முன்னால் போய் எதிரே வந்தால் எல்லோருடைய கையும் நெற்றியும் தெரியும் என்பது என் யோசனை. கொல்லைகளின் நடுவே குறுக்கு வழியில் மிதித்து பாதை முடிகிற ஈசான்ய லிங்கத்துப் பக்கம் போய்ச் சேர்ந்து, கூட்டத்துக்கு எதிராக நடக்க ஆரம்பித்தோம். பௌர்ணமியன்று மலையைத் தலைகீழாகச் சுற்றுகிறவர்களுக்கு என்ன மரியாதை கிடைக்குமோ அது கிடைத்தது. ஒரு காவித் துணிக்காரர் எங்களுக்கு ஏழு ஜன்மப் பாவம் ஒதுக்கினார். கான்ஸ்டபிள் இரண்டு தடவை எங்களைத் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினார். மூன்றாவது தடவை, வழி தெரியாத கேஸ் என்று நினைத்து, தானே கோபுர வாசல்வரை கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார்.

இது சுடுகாட்டுச் சாம்பல் என்று சொல்லிவிட்டால் பயந்து திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று நான் அடுத்த யோசனை சொன்னேன். அப்படிச் சொன்னால் இன்னும் கொஞ்சம் கேட்பார்கள் என்றாள் அவள். நம் சாமியைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியவில்லை. பிறகு சட்டென்று ஓரமாகத் துணியை விரித்து உட்கார்ந்துவிட்டாள்.

"வட்டமா நடக்கறவங்கள எதுக்கு வாத்தியாரே தொரத்தணும்? ஒக்காந்தா அவங்களே வரப்போறாங்க."

வந்தார்கள். ஆனால் கொடுக்கவில்லை. முதலில் வந்த அம்மாளிடம் பொட்டலத்தைக் கேட்டபோது அதை முந்தானையில் முடிந்து இன்னும் இறுக்கிக்கொண்டாள். வெள்ளையம்மாள் முகம் வாடிப்போனது. இத்தனை நாளில் அவள் கண் கலங்கி நான் பார்த்தது அப்போதுதான். அந்த நேரம் பார்த்து வேலூர்க்காரர் வாயிலிருந்து ஒரு கரித்துண்டைத் துப்பிக்கொண்டே வந்தார். வெள்ளையம்மாள் நிமிர்ந்தாள்.

"கல்லும் கரியுமா இருக்குதுங்களா? குடுங்க, மாவாட்டம் சலிச்சுத் தரேன்."

அவர் மகிழ்ச்சியோடு நீட்டினார். சல்லடையில் தட்டினாள். பட்டுப் போன்ற தூள் கீழே விழுந்தது, அதை அவரிடமே பொட்டலமாகக் கொடுத்தாள். சல்லடையில் தங்கிய கரியும் விதையும் கல்லும் அவளுடைய துணிக்குப் போயின. அவருக்கு வேண்டியது அவருக்கு, அவளுக்கு வேண்டியது அவளுக்கு. ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் பெரிய வரிசை நின்றுவிட்டது. எங்கெங்கோ வாங்கிய திருநீற்றையெல்லாம் சலித்துத் தரச் சொல்லி நீட்டினார்கள். காலண்டர் தாள் இல்லாத பொட்டலத்தை அவள் தொடவே இல்லை. அறுபத்தொரு தாளில் நாற்பத்தேழு திரும்பி வந்தன. கடைசியில் என்னைக் குனியச் சொல்லி என் நெற்றியையும் சல்லடைக்குள் தட்டினாள். அறை கிடைக்காமல் திரும்பிக்கொண்டிருந்த எழிலரசி இந்தக் காட்சியைப் பார்த்து, விவரம் கேட்டு, தலையில் கை வைத்துச் சாலையோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மூர்த்திக்கு என் வீட்டில் படுக்கை போட வேண்டியதாயிற்று.

மறுநாள் மூர்த்தி எல்லாவற்றையும் கேட்டார். நூறு கை பட்ட சாம்பலை வைத்து ஒரு வரிகூட எழுத முடியாது என்றார். அது நியாயம்தான், எழிலரசியே ஒப்புக்கொண்டாள். ஆனால் அவள் சலித்து மீட்ட விதைகளைப் பார்க்கக் கண்ணாடியைக் கண்ணில் வைத்தவர் அதைச் சீக்கிரம் எடுக்கவில்லை. தொடாமல் விட்ட மீதிப் பாதி அடுப்பைத் தன் கண் முன்னால் திறந்து கழுவச் சொன்னார்.

கழுவினார்கள். ஊரே டிரம்மைச் சுற்றி நின்று கொள்ளு மிதக்கிறதா என்று பார்த்தது. துணியில் வடித்து உலர்த்தி, வெள்ளையம்மாள் குச்சியால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். கொள்ளு இல்லை. கடைசியில் அவளே தலையைத் தூக்கி, அன்றைக்குத் தான் பார்த்தது கரித்துண்டாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். மேசையில் கடுகைவிடச் சின்னதாகக் கறுப்பு விதைகள் மட்டும் நாற்பது ஐம்பது கிடந்தன. காட்டு விதை, நான் சொன்னதுதான் என்று மூர்த்தி நோட்டை மூடினார்.

"காட்டு வெதையா? சார், இது பண்ணக்கீரை" என்றாள் வெள்ளையம்மாள். குரல் ஏறிவிட்டது. "உழாத மண்ணுல இத நான் பாத்ததே இல்ல. இருவத்தஞ்சு வருஷமா இத்தத்தான் சார் புடுங்கினு இருக்கேன்."

அதோடு விடவில்லை. பக்கத்துக் கொள்ளுக் கொல்லைக்குள் இறங்கி, பூத்து நின்ற பண்ணைக்கீரையை வேரோடு பிடுங்கி வந்து, அவருடைய மூடிய நோட்டின் மேலேயே கசக்கினாள். விழுந்த விதையும் மேசையில் இருந்த விதையும் கண்ணாடிக்குக் கீழே அக்காள் தங்கை மாதிரி இருந்தன. களை அடுப்புக்குள் எப்படி வந்தது என்று மூர்த்தி கேட்டார். அதுதான் அவர் அவளிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம். பிடுங்கிய களையைக் காய வைத்து அடுப்பு எரிக்காமல் வேறு என்ன செய்வார்கள், நானும் அதைத்தானே செய்கிறேன் என்று அவள் திருப்பிக் கேட்டாள். மூர்த்தி நோட்டின் மேல் கிடந்த இலையைத் தட்டிவிட்டு அதை மறுபடி திறந்தார். ஒரு களையை வைத்து முடிவு சொல்ல முடியாது, ஆனால் குழியை மூடவும் முடியாது என்று கடைசியில் முனகினார். பக்கத்துக் குழியையும் இந்த அம்மாளை வைத்தே பார்க்கச் சொல்லிவிட்டு, எங்கள் வீட்டுக் கோழிக்குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அப்புறம் எட்டு வருடம் வெள்ளையம்மாள் அந்த ஸ்டூலை விட்டு இறங்கவில்லை. தொண்ணூற்றெட்டில் வேறொரு அடுப்பில் கொள்ளே கிடைத்தது. நான்தான் அன்றைக்கே சொன்னேனே என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். சுப்பிரமணிக்கு அதன் பிறகு சாம்பல் இருக்கும் பக்கம் போக அனுமதி கிடையாது.

இரண்டாயிரத்து நாலில் எழிலரசியின் ஆராய்ச்சி அறிக்கை அச்சாகி வந்தது. ஒரு பிரதியை நேரில் கொண்டுவந்து கொடுத்தாள். விதைகளை இனம் கண்டவர், வெள்ளையம்மாள், அடி அண்ணாமலை என்று அதில் போட்டிருந்தது. நான் வாசித்துக் காட்டினேன். அந்த வரியை விரலால் இரண்டு தடவை தடவிப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் பண்ணைக்கீரை பற்றிய பக்கத்தை எடுக்கச் சொல்லி, முழுதும் வாசிக்க வைத்துக் கேட்டாள். முகம் மாறிவிட்டது.

"இதெல்லாம் புடுங்கி அடுப்புல போட்டாளே ஒருத்தி, அவளப் பத்தி ஒண்ணுமே இல்லியே மேடம்?"

அவள் யார், பெயர் என்ன என்று யாருக்கும் தெரியாதே என்றாள் எழிலரசி.

"பேரு தெரிலன்னா போவுது. இடுப்பு வலிச்சிருக்கும் அவளுக்கு. அதயாவது போடுங்க."