ஆறு குறைத்துச் சொன்ன சிலுவை

கடியப்பட்டணம் சிலுவை நல்ல மனுசன். ஊரில் யார் வீட்டுச் சாவென்றாலும் முதல் ஆளாய்ப் போய் நிற்பார். ஆனால் கடலில் நின்றுகொண்டு வயர்லெஸ்ஸில் அவர் சொல்லும் எண்ணை மட்டும் ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.

கடலடியில் பாறைக்கூட்டம் கிடக்கும் இடத்தை அந்தக் கரையில் பார் என்பார்கள். மீன் அடைவது அங்கேதான். பார் கண்டவன் அதைக் கூடப்பிறந்தவனிடமும் சொல்லமாட்டான். பக்கத்து வள்ளத்துக்காரன் எங்கே நிற்கிறாய் என்று கேட்டால் பொய் எண் சொல்வது அங்கே பாவமே இல்லை. கோவிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது சிலுவை ஒரு தடவைகூட அதைச் சொன்னதில்லை. ஜிபிஎஸ் பெட்டி காட்டும் அட்சரேகை எண்ணில் ஆறு மினிட்டைக் குறைத்துச் சொல்வது அவர் வழக்கம். நம்பிப் போகிறவன் ஆறு கடல் மைல் தெற்கே வெறும் தண்ணீரைப் பார்த்து நிற்பான்.

அந்தப் பெட்டியை அவர் முதலில் வாங்கியது தொண்ணூற்றேழில். குறித்துவைத்த பாருக்கு மறுவாரம் போனால் அது நூறு மீட்டர் தள்ளிக் கிடக்கும். கடைக்காரனோடு சண்டைக்கே போய்விட்டார். பிறகுதான் பத்திரிகையில் வாசித்தார். செயற்கைக்கோள்கள் அமெரிக்கப் பட்டாளத்துடையவை; அவர்களுடைய கப்பலும் விமானமும் வழிதவறாமல் போகவும், குண்டு குறிபார்த்து விழவும் மேலே அனுப்பியவை. தன் பட்டாளத்துக்குச் சரியான இடத்தைக் காட்டிவிட்டு, ஊர் உலகத்துக்கு வேண்டுமென்றே பிழையைக் கலந்து கொடுத்திருக்கிறார்கள். இரண்டாயிரம் மே மாதத்தில்தான் அதை நிறுத்தினார்கள். மற்றவர்கள் வைதார்கள். சிலுவைக்குக் கோபமே வரவில்லை.

"பின்ன? பார் கண்டவன் உள்ளத பறைவானா?" என்றார்.

கார்கில் சண்டையின்போது அமெரிக்கர்கள் நமக்குத் தகவல் தர மறுத்ததாகச் சொல்வார்கள். பின்னால் நம் நாடும் சொந்தமாகச் செயற்கைக்கோள்களை ஏற்றியது. அவற்றோடு பேசும் கருவி ஒன்றை வள்ளக்காரர்களுக்கும் கொடுத்தார்கள். ஆபத்தென்றால் பொத்தானை அழுத்தினால் போதும், கரைக்குச் சேதி போய்விடும். ஆனால் வள்ளம் நிற்கும் இடத்தையும் அது கரைக்குக் காட்டிக்கொண்டிருக்கும். சிலுவைக்குப் பொறுக்குமா? கழற்றிச் சாக்கில் சுற்றி வீட்டு அலமாரிமேல் போட்டுவிட்டார். இந்தப் புத்தியை என்னவென்று சொல்வது?

போன செப்டம்பரில் ஒரு காலை, மழைமூட்டத்துக்கு நடுவில், எஞ்சின் தண்டு நுழையும் துளை வழியே அவர் வள்ளத்தில் வெள்ளம் ஏறியது. எஞ்சின் நின்றுபோனது. உள்ளே ஐந்து பேர். வயர்லெஸ்ஸும் ஜிபிஎஸ் பெட்டியும் மட்டும் வேலை செய்தன. அவர் கூப்பிட்டதற்கு ஜெனோ பதில் சொன்னான். அவருடைய அக்காள் மகன். பதினோரு வருடம் அவரோடு தொழிலுக்குப் போய்விட்டு இப்போது தனி வள்ளம் ஓட்டுகிறவன். அவன் தம்பி சிஜின் சிலுவையோடு அந்த வள்ளத்தில்தான் இருந்தான்.

"ஏழு டிகிரி முப்பத்தாறு மினிட்டு, மக்கா. வெள்ளம் கேறுது, வேகம் வா." பெட்டி காட்டியதை அப்படியே சொன்னார். பெட்டி வாங்கியதிலிருந்து முதல் தடவை.

ஒரு மணி நேரம் கழித்து ஜெனோவின் குரல் வந்தது.

"மாமா, ஒம்ம எடத்துலதான் நிக்கேன். வள்ளத்தக் காணேல்ல."

"எத்தனையில நிக்க?"

"நாப்பத்திரண்டு."

சிலுவைக்குப் புரிந்துவிட்டது. பயல் வழக்கம்போல ஆறைக் கூட்டியிருக்கிறான்.

"நான் கொறைக்கேல்ல, மக்கா. முப்பத்தாறுதான்."

"பதட்டத்துல கொறச்சிருப்பீரு, மாமா. இங்க மழ மூடிக் கெடக்கு. பக்கத்துலதான் இருப்பீரு."

"செசிலி மேல சத்தியம்."

செசிலி அவர் மனைவி. பார் விஷயத்தில் மாமா அவள் தலையில் எத்தனை பொய்ச்சத்தியம் செய்திருக்கிறார் என்பது ஜெனோவுக்குத் தெரியும். தப்பான பக்கம் திரும்பினால் இருக்கிற நேரமும் போய்விடும். சிஜின் அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினான்.

"அண்ணா, பெட்டிய நான் பாத்துட்டு சொல்லுதேன். முப்பத்தாறுதான். வெள்ளம் இடுப்புக்கு வந்தாச்சு."

"செரி" என்றான் ஜெனோ, உடனே.

அவன் வந்துசேர முக்கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் சிலுவை வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். உயிர்ப்பயம் ஒரு பக்கம். தன் சொல்லுக்கு இன்னொருவன் சாட்சி சொல்லவேண்டி வந்ததே என்ற வெட்கம் அதைவிடப் பெரிதாய் இருந்தது.

ஐந்து பேரும் ஜெனோவின் வள்ளத்தில் ஏறினார்கள். கொஞ்ச நேரத்தில் சிலுவையின் வள்ளம் முங்கியது. அவர் எல்லார் முன்னாலும் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜெனோவின் மைக்கை எடுத்தார். முங்கின வள்ளத்தின்மேல் தெரியாமல் வலை போட்டால் வலை கிழியும். நாள்பட்டால் அதையே பாராக்கி மீன் வந்து அடையும். இரண்டும் அவருக்குத் தெரியும். அந்த இடத்தின் எண்ணை எல்லா வள்ளத்துக்கும் கேட்கும்படி, நிறுத்தி நிறுத்தி இரண்டு தடவை சொன்னார்.

தூரத்து வள்ளம் ஒன்றிலிருந்து ஊர்க்காரர் ஆன்ட்ரூஸ் கேட்டார். அவர் கேலி செய்யவில்லை.

"அண்ணே, இதுக்கு ஆறு கூட்டணுமா?"

அந்த ஆறு ஜெனோவுக்கு மட்டும்தான் தெரியும் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தார் சிலுவை. எல்லாரும் தெரிந்துவைத்துக்கொண்டுதான் அவர் பாரை அவருக்கே விட்டுவைத்திருக்கிறார்கள்.

"கூட்டாண்டாம், தம்பி" என்றார்.