ஏழு மணங்கு தேவசகாயம்

செஞ்சி கடைத்தெருவில் பூவராகவனின் மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், இருபத்திரண்டு வருசமாகத் தராசு பிடித்தவர் தேவசகாயம். அறுபத்து மூன்று வயது. அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஏழு மணங்கு" என்றால் போதும், திரும்பிப் பார்ப்பார். அவருடைய எடை அது, இன்றைய கணக்கில் எண்பது கிலோவுக்குச் சற்றுக் குறைவு. உரித்த மல்லாட்டைப் பருப்பு ஒரு மூட்டைக்கும் அதே ஏழு மணங்கு.

இந்தப் பொருத்தத்தால் மண்டியில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. மூட்டை நிறுக்க அங்கே ஒரு பெரிய கருங்கல் இருந்தது. அதற்கும் ஏழு மணங்கு. முத்திரை குத்திய இரும்புக் கற்கள் பெட்டிக்குள் பத்திரமாகத் தூங்கின. அவற்றைக் குடியானவர்கள் நம்பவில்லை. "அடியில கொடஞ்சி ஈயத்த ஊத்துவீங்க, எங்களுக்குத் தெரியாதா?" என்பார்கள். அதனால் வெள்ளிக்கிழமை சந்தையன்று காலையில் ஒரு தட்டில் கல் ஏறும், மறு தட்டில் தேவசகாயம் ஏறுவார். முள் நேராக நின்ற பிறகுதான் வண்டியிலிருந்து மூட்டை இறங்கும்.

"மனுசனக் கொடைய முடியுமா இன்னா?" என்று சிங்கவரத்துக் குடியானவர்கள் சொல்லிக்கொள்வார்கள்.

முடியும் என்பது நாற்பத்து நாலாம் வருசம் தெரிந்தது.

அதற்கு முந்தின கிறிஸ்துமஸ் வாரத்தில் அவர் மனைவி பாக்கியம் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். ஒரே மகள் கோலார் தங்கவயலிலிருந்து வந்து, அழுது, காரியம் முடிந்ததும் திரும்பிவிட்டாள். தேவசகாயம் அழவில்லை. மூன்றாம் நாளே மண்டிக்கு வந்து தராசைப் பிடித்தார். "மனுசன் கல்லுய்யா" என்று கடைத்தெருவே மெச்சியது. ஒருவரைக் கல் என்று முடிவு கட்டிவிட்டால் அதில் ஒரு வசதி உண்டு. சாப்பிட்டாயா என்று கேட்க வேண்டியதில்லை.

பாக்கியம் இருந்தவரை அவர் ஒரு கவளம் குறைத்துச் சாப்பிட்டதில்லை. "ஏழு கொறைஞ்சா உங்க மொதலாளி என்னத்தான் வந்து கேப்பாரு" என்று மிரட்டியே களி உருண்டையைத் தட்டில் வைப்பாள். அவள் போன பிறகு முதல் வாரம் அவரே உலை வைத்தார். சோறு நனைந்த சாக்கை மெல்வது போல இருந்தது. உப்புப் போட்டுப் பார்த்தார், கருவாடு சுட்டுப் பார்த்தார். சாக்கு கருவாட்டுச் சாக்கானதுதான் மிச்சம். இரண்டாம் வாரம் அடுப்பு மூட்டவில்லை. கோழி கூவுவதற்கு ரொம்ப முன்பே விழிப்பு வந்துவிடும். எழுந்து என்ன செய்வது என்று தெரியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பார். பசி என்ற ஒன்று வழி மறந்து போய்விட்டது.

மண்டியில் பருப்புப் புடைக்கும் ராஜாம்பாளுக்கு மட்டும் வாய் சும்மா இருக்காது. உச்சி வேளையில் எல்லோரும் சோற்றுமூட்டையை அவிழ்க்கும்போது கேட்டாள்.

"அண்ணே, நீ இன்னா வெறுங்கையோட குந்தினு இருக்கற?"

"இன்னிக்கி எங்களுக்கு ஒருசந்தி."

ஒருசந்தி என்றால் வேதக்காரர்களின் உபவாசம் என்று மண்டியில் எல்லோருக்கும் தெரியும். எந்தெந்த நாள் என்று ஒருவருக்கும் தெரியாது. மறுநாளும் ஒருசந்தி என்றார். அதற்கு மறுநாளும்.

"உங்க சாமிக்கு ஏண்ணே நீ துன்னா ஆவவே மாட்டேங்குது?" என்றாள் ராஜாம்பாள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் உதட்டை இழுத்து வைத்தார்.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கல் இருந்த தட்டு இறங்கி நின்றது. பூவராகவன் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தார். மனிதரைப் பார்க்கவில்லை. ரேசன் வந்து ஊரே இளைத்துக் கிடந்த காலம். அதோடு, வெறும் மேலில் துண்டோடு நின்ற தேவசகாயம் இப்போது தொளதொளவென்று சட்டை போட ஆரம்பித்திருந்தார்.

"எண்ணெ குடிச்சி குடிச்சிக் கல்லு கனத்துப் போச்சிய்யா" என்று தீர்ப்புச் சொன்னார் முதலாளி. அம்மி கொத்துகிற பாவாடை என்பவனைக் கூப்பிட்டு வரச் சொன்னார்.

"கல்லு எங்கனா கனக்குமா மொதலாளி?" என்றான் பாவாடை.

"உன்னக் கொத்தச் சொன்னனா, கேள்வி கேக்கச் சொன்னனா?"

தேவசகாயத்தின் வாய் வரை வந்தது. கல் சரிதான், குறைந்தவன் நான். அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். வாயை மூடிக்கொண்டார். உளி விழுந்தது. சில்லு தெறித்தது. முள் நேராக நின்றது. இருபத்திரண்டு வருசத்தில் முதல் தடவையாக ஒரு பொய் நிறுவைக்குத் தலையாட்டிவிட்டு, சில்லுகளை ஒன்று விடாமல் துண்டில் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவற்றைப் போட்டு வைக்கக் காலியாக ஒரு பாத்திரம்தான் இருந்தது, பாக்கியத்தின் களிச் சட்டி.

ஆனி மாதத்துக்குள் பாவாடை ஐந்து முறை வந்து போனான். இவர் இளைக்க இளைக்கக் கல்லும் இளைத்தது. சட்டி நிரம்பியது.

அந்த ஆனியில் ஒரு வெள்ளிக்கிழமை, உச்சி வேளை. திண்டிவனம் ரயிலடிக்கு மூட்டை ஏற்றிப் போகும் வண்டிக்காரன் காஸ்பர், பாக்கியத்தின் தம்பி மகன், களியும் கருவாடுமாக ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஏம்பா, உங்க மாமா ஒருசந்தி இருக்காரு, நீ இந்தக் கட்டு கட்டற?" என்றாள் ராஜாம்பாள்.

காஸ்பர் மெல்வதை நிறுத்தினான். "ஒருசந்தியா? அதெல்லாம் பாஸ்கா திருநாளோட சரி, அது முடிஞ்சி ரெண்டு மாசத்துக்கு மேல ஆவுதுக்கா. யாரு சொன்னது?"

ராஜாம்பாள் திரும்பி தேவசகாயத்தைப் பார்த்தாள். சட்டைக் கழுத்துக்குள் எலும்பு குழி விழுந்து கிடந்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துப் பூவராகவன் கையில் காகிதத்தோடு உள்ளேயிருந்து வந்தார்.

"காஸ்பரு! முன்ன கொஞ்சங் கொஞ்சமாக் கொறைஞ்சப்ப ஈரங் காஞ்சிதுன்னு விட்டுட்டேன். போன வாரம் ஏத்தின இருபது மூட்டையும் ரயிலடியில ஒண்ணொண்ணும் ஒரு மணங்கு கொறையுதாம். வழியில தீவனூர்ல மாட்ட அவுத்துட்டு நீ இன்னாடா பண்ண?"

"மாதாவே! மாட்டுக்குத் தண்ணி காட்டனேன் மொதலாளி. மூட்டையத் தொடல."

"நெறுத்துப் போட்டது இங்க. கொறைஞ்சது அங்க. நடுவுல நீதான இருந்த? நாளைலருந்து உன் வண்டி வாணாம். மணியக்காரருகிட்ட சொல்லிட்டுத்தான் மறுவேல."

"மாமா, நீ நெறுத்ததுதானே? நீயாவது சொல்லேன்!"

தேவசகாயம் எழுந்தார். வெளியே நடந்தார். காஸ்பரின் முகம் செத்துப்போயிற்று. சொந்த அத்தை வீட்டுக்காரரே கைவிட்டுவிட்டார் என்று நினைத்தான்.

அரை நாழிகையில் அவர் திரும்பி வந்தார். தோளில் ஒரு சட்டி. அதன் பாரத்தில் கால் இரண்டும் பின்னின. இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

"மொதலாளி, இரும்புக் கல்ல எடுங்க."

"எதுக்குய்யா?"

"எடுங்க, சொல்றேன்."

பெட்டி திறந்தது. ஏழு மணங்குக்கு இரும்பு ஒரு தட்டில் ஏறியது. தேவசகாயம் சட்டையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு மறு தட்டில் ஏறினார். விலா எலும்பை எண்ணலாம் போல இருந்தது. இரும்பு இருந்த தட்டு தரையில் உட்கார்ந்தது. அவர் அந்தரத்தில் தொங்கினார்.

"பாவாடை கொத்துன சில்லெல்லாம் அந்தச் சட்டியில இருக்குது. எடுத்து என் தட்டுல போடும்மா" என்றார் ராஜாம்பாளிடம்.

அவள் ஒவ்வொன்றாக எடுத்து அவர் காலடியில் வைத்தாள். பாதிச் சட்டி காலியானபோது இரும்புத் தட்டு தரையை விட்டது. கடைசிச் சில்லு விழுந்ததும் முள் நேராக நின்றது.

"கல்லு முன்னயே சரியாத்தான் இருந்திச்சி மொதலாளி. கொறைஞ்சவன் நானு. அதக் கொத்தக் கொத்த மூட்டையும் கொறைஞ்சிது. பாத்துட்டு சும்மா இருந்தேன். புள்ள மேல தப்பில்ல."

பூவராகவன் பழக்கதோசத்தில் முள்ளைத்தான் முதலில் பார்த்தார். அப்புறம் மனிதரைப் பார்த்தார். இந்த முறை நின்று பார்த்தார்.

"ஏன்யா, அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா ஏன்னு கேப்பீங்க. எனக்கே தெரியல. சோறு எறங்கல. எறங்கணும்னும் தோணல. அவ போனதுக்கு அழுவலாம்னா, அதுவும் வரல."

முதலாளி காகிதத்தை நாலாக மடித்து மடியில் செருகினார். "காஸ்பரு, வண்டியப் பூட்டு" என்றார். கல்லாப் பக்கம் போனவர் ஏதோ மறந்தவர் போல அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

ராஜாம்பாள் காலிச் சட்டியை எடுத்துப் போய்த் தொட்டித் தண்ணீரில் மூன்று முறை கழுவினாள். தன் கேழ்வரகுக் கூழில் பாதியை அதில் ஊற்றி ஒரு வெங்காயத்தை வைத்தாள்.

"உன் ஒருசந்தி முடிஞ்சிதுண்ணே."

சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்து தன் பங்கைக் குடித்தாள். குடி என்று சொல்லவில்லை, அவர் பக்கம் பார்க்கவும் இல்லை. தேவசகாயம் அந்தச் சட்டியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாய் குடித்தார். அது இறங்க நேரமாயிற்று. இன்னொரு வாய். அதற்கு மேல் முடியவில்லை. அவள் சட்டியை வாங்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். மறுநாள் மூன்று வாய் இறங்கியது. அதற்கு மறுநாள் ஒன்றுமே இறங்கவில்லை. அன்றைக்கும் அவள் சட்டியை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். சனிக்கிழமைகளில் காஸ்பர் வீட்டிலிருந்து குழம்பு வந்தது.

மூட்டைகளுக்கு இரும்புக் கல் வந்துவிட்டது. ஆனாலும் வெள்ளிக்கிழமை காலையில் தேவசகாயம் தட்டில் ஏறுவதும், அந்தப் பழைய கொத்துப்பட்ட கல் எதிரே ஏறுவதும் நிற்கவில்லை. முன்பு அவரை வைத்துக் கல்லைச் சோதித்தார்கள். இப்போது கல்லை வைத்து அவரை. குடியானவர்கள் மூட்டையை மறந்து முள்ளைப் பார்த்தார்கள். ஆடி முழுக்கக் கல்லே கீழே. ஆவணியில் நேருக்கு நேர். புரட்டாசியில் மறுபடி கல் இறங்கியது.

அவர் சாகும்வரை ஏழு மணங்கைத் திரும்பத் தொடவில்லை. ஆறேகாலோடு சரி. ஆனால் ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, மழை தூறிக்கொண்டிருந்த காலையில், கல் இருந்த தட்டு ஒரு விரற்கடை மேலே எழுந்தது.

"ஐயோ பாவம், கல்லு இளைச்சிப்போச்சி" என்றாள் ராஜாம்பாள், முறத்தை நிறுத்திவிட்டு. "இனிமே அதுக்குத்தான் கூழு ஊத்தணும் போலக்குது!"

தேவசகாயம் சிரித்தார். சத்தமாகவே சிரித்தார். சிரித்துக்கொண்டே தராசுச் சங்கிலியைப் பிடித்தவர், பாக்கியம் போய்ப் பத்து மாதம் கழித்து, தட்டை விட்டு இறங்காமல் அப்படியே நின்று அழுதார்.