சாரக்கட்டும் ஒன்றரைச் செக்கனும்

சூட்டுப் பயிற்சி மைதானத்தில் வேலை என்று சொன்னால் பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் தள்ளி இருப்பார். உண்மையில் அது கூட்டுகிற தும்புத்தடியும் பசையும் கொண்டு செய்கிற வேலை. தொண்ணூறுகளில் இத்தாலியில், பலேர்மோவில், வீட்டுக்கார சின்யோராக்களின் படிக்கட்டைத் துடைத்து முழங்கால் தேய்ந்தவர்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. உங்களுக்குப் படிக்கட்டு, எனக்கு வெடித்த தோட்டாவின் வெறும் கோது. அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் வெடி

ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்தில் பஸ் ஏறினால் முக்கால் மணித்தியாலம். மலை அடிவாரத்தில் மூன்று பக்கமும் மண் அணை கட்டிய வெளி. நீனோ என்பவர்தான் பொறுப்பாளர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர், வயிறு அவருக்கு முன்னால் நடந்து வரும். குறி அட்டையில் விழுந்த ஓட்டைகளுக்குத் தாள் ஒட்டுவது, கோதுகளைக் கூட்டி அள்ளுவது, நேரம் பார்க்கிற கருவியை அமத்துவது, இந்த மூன்றும் என் வேலை என்று சொல்லித் தந்தார். கருவி "பீப்" என்று கத்தும். சுடுகிறவர் இடுப்பு உறையில் இருக்கிற பிஸ்டலை எடுத்துச் சுடுவார். பீப்புக்கும் வெடிக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று கருவி காட்டும். அதை நான் சத்தமாக வாசிக்க வேண்டும்.

எல்லாம் விளங்கியது. ஆனால் முதல் வெடி கேட்டதும் என் உடம்பு என்னைக் கேட்கவில்லை. கையில் இருந்த பசை வாளியோடு நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டேன். யாழ்ப்பாணத்தில் பழகிய பழக்கம். கண்ணைத் திறந்தால் நீனோவின் சப்பாத்து.

"எழும்பு பிள்ளை, இஞ்சை அட்டையைத்தான் சுடுறவை."

பல் வைத்தியர் சொன்னது

அங்கே சுட வருகிற சின்யோரா ஆகத்தாவுக்கு நூலும் பொத்தானும் விற்கிற கடை. ஐம்பதைத் தாண்டியவர். குறி தப்பாது, சுட்டால் நடுவில்தான் விழும். ஆனால் உறையிலிருந்து எடுக்க நேரம் எடுக்கும். அதனால் மாகாணப் போட்டிக்கு நாலு பேர் போகும்போதெல்லாம் மூன்று வருசமாக அவரை மேசையில் இருத்திப் புள்ளி எழுத வைத்திருந்தார்கள். அந்த வருசமும் மூன்று பேர் தெரிவாகிவிட்டார்கள். நாலாவது இடத்துக்கு நீனோ ஒரு கணக்குச் சொன்னார்: மே மாதக் கடைசி ஞாயிறு, ஐந்து தரம் எடுத்துச் சுட வேண்டும், ஐந்தும் ஒன்றரைச் செக்கனுக்குள், ஐந்தும் அட்டையின் நடுவில். ஒன்று பிசகினாலும் இடம் அங்கே சுட வருகிற ஒரு பல் வைத்தியருக்கு.

அன்றைக்கே சின்யோரா பழகத் தொடங்கினார். நான் கருவியை அமத்தி வாசித்தேன். இரண்டு செக்கன். இரண்டு தசம் ஒன்று. திரும்பவும் இரண்டு. மெதுவாகத்தான் வாசித்தேன், என்றாலும் பல் வைத்தியருக்குக் கேட்டுவிட்டது.

"சின்யோரா, நீங்கள் எடுத்து முடியிறதுக்குள்ளை நான் ஒரு பல்லையே புடுங்கிப்போடுவன்."

மரத்துண்டு

அந்த அரைச் செக்கன் எங்கே போகிறது என்று எனக்கு ஒரே யோசனை. நீனோவிடம் கேட்டு ஒரு பழைய உறையும், பிஸ்டல் அளவில் செதுக்கின மரத்துண்டும் வாங்கினேன். மாஃபியாவுக்காகப் பலேர்மோவில் சந்திக்குச் சந்தி ஆமிக்காரர் நின்ற காலம். மரத்துக்கு நிறம் பூசாமல், பையின் அடியில் தக்காளிக்குக் கீழே வைத்துக் கொண்டுவந்தேன். என்றாலும் அல்பெர்கேரியாப் பகுதியில் எங்கள் ஒழுங்கைக்குள் வந்து சேரும்வரை பையை அணைத்துக்கொண்டே நடந்தேன்.

வீட்டில், இடுப்பில் சுற்றிச் செருகின சாரத்தோடு கண்ணாடிக்கு முன் நின்றேன். சாரத்துக்கு மேலே பெல்ட், பெல்ட்டில் உறை. வாயால் "பீப்" என்று சொல்லி இழுத்தேன். உறை மரத்தை விடவில்லை. பெல்ட் மேலே வந்தது, சாரம் கீழே போனது. என்னோடு அறையில் இருந்த குகன் அண்ணை, ஒரு வக்கீல் வீட்டில் சமையல் செய்கிறவர், வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"துவக்குக்குப் பயந்து கடல் தாண்டி வந்தனாங்கள். நீ இஞ்சை வந்து, உடுப்பும் இல்லாமல் துவக்கு இழுக்கிறாய்."

இடது கை

அதற்குப் பிறகு நான் பயந்து பயந்துதான் இழுத்தேன். வலது கை மரத்துக்குப் போகும்போதே இடது கை தன்பாட்டில் வயிற்றுக்குப் போய்ச் சாரக்கட்டைப் பிடித்துக்கொள்ளும். சாரம் உடுத்துகிற எவருக்கும் இது சொல்லித் தர வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து தரம் இழுத்த பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். மரம் நெஞ்சுக்கு நேரே வரும்போது இடது கை அங்கேயே காத்திருந்தது. இரண்டும் சேர்ந்து முன்னுக்குப் போயின.

அடுத்தநாள் மைதானத்தில் ஆட்களின் கையை மட்டும் பார்த்தேன். கெட்டிக்காரர் எல்லாருக்கும் இடது கை வயிற்றில். சின்யோராவின் இடது கை மட்டும் தொடைப்பக்கம் தொங்கியது. பிஸ்டல் முன்னால் வந்து நின்று அதற்காகக் காத்துக்கொண்டிருந்தது. கோது கூட்டுகிறவனுக்கு அங்கே பெரிய குரல் இல்லை. மற்றவர்கள் கோப்பி குடிக்கப் போன நேரம் பார்த்து அவருக்குக் கிட்டப் போய், இடது கையை வயிற்றில் வைக்கச் சொன்னேன்.

"வயித்திலை வைச்சு எதைப் பிடிக்கிறது?" என்று கேட்டார். எனக்கு இத்தாலியனில் சாரத்துக்குச் சொல் தெரியாது. இல்லாத சாரத்தை உதறி, மடித்து, செருகி, அது நழுவுகிறதையும் நான் பிடிக்கிறதையும் நடித்துக் காட்டினேன். சின்யோரா சிரிக்கவில்லை. துணி விற்கிற தெருவில் பிறந்து வளர்ந்தவர்.

"அந்தத் துணியை நாளைக்குக் கொண்டு வா."

கொக்கி

என்னுடைய நீலக் கட்டம் போட்ட சாரத்தைக் கொடுத்தேன். காற்சட்டைக்கு மேலே உடுத்த வேண்டும், இறுக்கிச் செருகக் கூடாது, அதுதான் என் ஒரே நிபந்தனை. குண்டு ஒன்றும் இல்லை என்று இரண்டு தரம் பார்த்த பிஸ்டலோடு, சமையலறைச் சுவரைப் பார்த்து, கடை பூட்டிய மத்தியான நேரங்களில் பழகினார். இடது கை பிந்தினால் சாரம் காலடியில். முதல் நாள் முப்பது தரம் விழுந்ததாம். இரண்டாம் கிழமை நான் போய்ப் பார்த்தபோது பத்துக்கு ஒன்றுதான் விழுந்தது.

அவருடைய கணவர் பிப்போ பாணோடு வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். மனிசி இழுக்கிறதும் துணி விழுகிறதும் குனிந்து எடுக்கிறதுமாக இருக்க, அவருக்குப் பொறுக்கவில்லை.

"எங்கடை கடையிலை ஆயிரம் கொக்கி கிடக்கு. ஒண்டைத் தைச்சால் இது விழாதெல்லோ?"

ஞாயிறு

சின்யோரா வெறும் காற்சட்டையோடுதான் வந்தார். என் கையில் கருவி. முதலாவது ஒன்று தசம் நாலு எட்டு. பிறகு நாலு நாலு, நாலு இரண்டு, நாலு ஐந்து. நாலும் நடுவில். ஒவ்வொரு தரமும் இடது கை, இல்லாத சாரத்தைப் போய்ப் பிடித்தது. ஐந்தாவதுக்கு அமத்தினேன். வெடி. கருவியைப் பார்த்தேன். வாசிக்க மனம் வரவில்லை. ஆனால் அதுதானே என் வேலை.

"ஒன்று தசம் ஐந்து பூச்சியம்."

"ஒன்றரைக்குள்ளை எண்டால் குறைய வேணும். இது சரியா ஒன்றரை," என்றார் பல் வைத்தியர். நீனோ வயிற்றைத் தடவிக்கொண்டு, ஒன்றரையும் சேரும் என்று சொல்லத் தொடங்கினார். சின்யோரா கையைக் காட்டி அவரை நிற்பாட்டினார். "சண்டை பிடிச்சு வாற இடம் எனக்கு வேண்டாம். அந்த ஐஞ்சாவதை விடுங்கோ. இன்னொண்டு சுடுறன். பிசகினால் மேசைக்குப் போறன்."

என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அமத்தினேன். ஒன்று தசம் மூன்று ஆறு. அட்டைக்கு ஓடிப் போய்ப் பார்த்தேன்; ஓட்டை நடுவில். அங்கிருந்தே கையைத் தூக்கினேன். சின்யோரா பிஸ்டலை வெறுமையாக்கி உறையில் வைத்து, ஆறுதலாகப் பல் வைத்தியர் பக்கம் திரும்பினார்.

"டொத்தோரே, பல்லுப் புடுங்கியாச்சோ?"

அடுத்த கிழமை என் சாரம் தோய்த்து, அயன் பண்ணி, பிப்போ தைத்த கொக்கியோடு திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அது ஒருநாளும் விழவில்லை, இடது கைக்குப் பிடிக்கிற வேலையும் இல்லை, நானும் ஒருநாளும் அந்த மரத்துண்டை ஒன்றரைச் செக்கனுக்குள் எடுக்கவில்லை.