கவாத்து வெட்டச் சொல்லுங்கள்

"ஆள் போயாச்சு மதினி. உடம்புதான் கெடக்கு."

அண்ணனின் கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி நின்று இதைச் சொன்னவள் நான்தான். மெல்லக்கூடச் சொல்லவில்லை, அதட்டித்தான் சொன்னேன்.

அண்ணனுக்கு ஏலப்பாறைப் பக்கத்து எஸ்டேட்டில் கவாத்து வேலை. முற்றிய தேயிலைச் செடியைக் கத்தியால் தறித்து, மறுபடி துளிர்க்க விடுவது. தோட்டத்து நிழல்மரமான சில்வர் ஓக்கின் கொப்பு முறிந்து தலையில் விழுந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. நான் இருக்கும் பாலக்காட்டுக்கே கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது. கையைத் தூக்கி விட்டால் தொப்பென்று விழும். இனி நெஞ்சில் சளி கட்டினால் ஐசியூவுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று ஒரு தாளில் மதினி கையெழுத்துப் போட வேண்டும். அவளைச் சம்மதிக்க வைக்க இரண்டு நாளாக அந்தக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

கல்லூரியில் தத்துவம் நடத்துகிறவள் நான். அடுத்தவர் மனம் நமக்குத் தெரிவது அவர் செய்கையில்தான், செய்கையே இல்லாத இடத்தில் மனம் இருக்கிறது என்பது நம் ஆசை மட்டுமே என்று வருடாவருடம் பாடம் எடுத்தவள். அந்தத் திமிரோடுதான் மதினியிடமும் பேசினேன்.

கையெழுத்துக்கு முன்னால் ஒரு டெஸ்ட் பார்த்துவிடலாம் என்றார் மூளை டாக்டர். பாலக்காட்டை அடுத்த சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பெண். அண்ணன் தலையில் வயர்கள் தொங்கும் தொப்பி ஒன்றை மாட்டினார். "வலது கையை மூடித் தொறக்கற மாதிரி மனசுல நெனைங்க," "இப்ப நிறுத்துங்க" என்று மாற்றி மாற்றிச் சொன்னார். கை அசையாவிட்டாலும், நினைத்தால் மூளையில் தெரியுமாம். அரை மணி நேரம் போனது. கம்ப்யூட்டரில் ஒன்றும் இல்லை.

"பாத்தீகளா மதினி?" என்றேன்.

"இதுல தெரியலீன்னா ஆளே இல்லீன்னு ஆயிராதுங்க," என்றார் டாக்டர்.

மதினிக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "கையை மூடித் தெறக்குறது ஒரு வேலையா? அதுக்கெல்லாம் எங்க வீட்டு மனுசன் மெனக்கெடுவாரா? கவாத்து வெட்டச் சொல்லுங்க டாக்டரம்மா. முப்பது வருசமா வெட்டுன கை!"

எனக்கு எரிச்சலாக வந்தது. டாக்டரோ சிரிக்கவில்லை. கத்தியை எப்படிப் பிடிப்பார், எப்படி வீசுவார் என்று விசாரித்துவிட்டு, "நீங்களே சொல்லுங்க" என்று மதினியை முன்னால் நிறுத்தினார்.

"ஏங்க, கத்திய எடுங்க. வெட்டுங்க." கொஞ்சம் விட்டு, "போதும், நிறுத்துங்க." திரும்பத் திரும்ப அதே. ஒன்றும் வரக்கூடாது என்றுதான் நான் உள்ளுக்குள் வேண்டினேன். வந்துவிட்டால், அந்தக் கட்டிலருகே நான் பேசிய பேச்செல்லாம் என்ன ஆவது?

டாக்டர் திரையைப் பார்த்தார். இன்னொரு முறை செய்யச் சொல்லி மறுபடி பார்த்தார்.

"வெட்டச் சொல்றப்பெல்லாம் வெட்டறாருங்க," என்றார்.

மதினி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இருபது வருடம் நான் நடத்திய பாடத்துக்குள் என் அண்ணன் மூன்று மாதமாக உயிரோடு கிடந்திருக்கிறார்.

ஆமாம் என்றால் கவாத்து வெட்டுவதாக நினைக்கட்டும், இல்லை என்றால் சும்மா இருக்கட்டும், கேள்வி கேட்டுப் பார்க்கலாம், முழுக்க நம்பிவிடவும் முடியாது என்றார் டாக்டர். எஸ்டேட் வேலையா என்று அண்ணனிடமே கேட்டார். திரையில் அண்ணன் வெட்டினார். டிரைவர் வேலையா என்றதற்குச் சும்மா இருந்தார்.

மதினி என் பக்கம் திரும்பினாள். "நீ பேசுனது காதுல விழுந்துச்சான்னு கேளு தாயி."

கட்டிலை ஒட்டி வந்து நின்றேன். "அண்ணே, ஆள் போயாச்சுன்னு சொன்னேனே... கேட்டுச்சா?"

வெட்டினார்.

"மன்னிச்சிரு அண்ணே," என்று அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். மதினி என்னைக் கவனிக்கவே இல்லை. அவர் காதருகே குனிந்தாள்.

"நானும் கையெழுத்துப் போட்டிருவேன்னு பயந்து கெடந்தீகளா?"

டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆமாங்கறாருங்க," என்றார்.