முக்கால் கிலோ மெழுகு

தாராவியில் கலீலுல்லாவின் பட்டறையைத் தேடிப் போகிறவர்கள் முகவரியை நம்பினால் அரை நாள் அலைய வேண்டியதுதான். குயவர்கள் இருக்கும் கும்பார்வாடாவைத் தாண்டி, சூளைப் புகை கண்ணைக் கரிக்கத் தொடங்கும் இடத்தில் நின்று, "உடைக்கிற பாய் எங்கே?" என்று கேட்டால் போதும். தமிழில் கேட்டாலும் இந்தியில் கேட்டாலும் நாலு கைகள் ஒரே சந்துப் பக்கம் காட்டும்.

மேலப்பாளையத்திலிருந்து பத்தொன்பது வயதில் வந்தவர். இப்போது ஐம்பத்திரண்டு. இத்தனை வருடமும் செய்தது வெண்கல வார்ப்புதான், ஆனால் பெயர் வாங்கிக் கொடுத்தது உடைப்பு. தொழில் அப்படி. முதலில் மெழுகில் உருவம். அதன்மேல் வண்டல் மண்ணும் சாணமும் உமிக்கரியும் குழைத்து மெல்லிசாக ஒரு பூச்சு, அது காய்ந்ததும் கனமாக இன்னொன்று, பிறகு கம்பிக் கட்டு. காய்ந்த அச்சைத் தீயில் வைத்தால் உள்ளே இருக்கும் மெழுகு உருகி, விட்டு வைத்த துளை வழியாக ஓடிவிடும். உருவம் இருந்த இடத்தில் இப்போது அதே உருவத்தில் வெற்றிடம். அதில் உருக்கிய வெண்கலத்தை ஊற்றி, ஆறவிட்டு, மண்ணை உடைத்தால் சிலை. ஒரு மெழுகுக்கு ஓர் அச்சு, ஓர் அச்சுக்கு ஒரு சிலை. ஊற்றும்போது தவறினால் எல்லாம் போச்சு. அதே சிலையை இரண்டாவது தடவை கேட்கிறவர்களை, "அலுமினியப் பட்டறைக்குப் போங்க, அங்க ஆயிரம் தடவ ஊத்துவாங்க" என்று அனுப்பிவிடுவார்.

பட்டறையில் அவருக்குத் துணை மாரிசெல்வி. நாற்பது வயது, நாங்குநேரிப் பக்கம். மெழுகும் மண்ணும் அவள் பாடு, நெருப்பு இவர் பாடு. இரண்டு பேருக்கும் நடுவே எந்நேரமும் இளஞ்சூட்டில் ஒரு பெரிய சட்டி இருக்கும். எந்த அச்சிலிருந்து மெழுகு உருகி வந்தாலும் அந்தச் சட்டிக்குத்தான் போகும், அடுத்த வேலைக்கு அதிலிருந்துதான் எடுப்பார்கள். கலீலுல்லாவுக்கு மெழுகின் மேல் மரியாதை என்று எதுவும் கிடையாது. "அது கூலிக்கு வந்த ஆளு. வேலை முடிஞ்சா கெளம்பிரணும்" என்பார்.

போன தை மாதம் செம்பூரிலிருந்து பார்வதியம்மாள் டாக்சியில் வந்து இறங்கினார். எழுபது வயதுக்குமேல் இருக்கும், ஓய்வுபெற்ற ஆசிரியை. கையில் ஐஸ் பெட்டி. மீன்தான் வாங்கி வந்திருக்கிறார் போலும் என்று மாரிசெல்வி நினைத்தாள். திறந்தால், உள்ளே துணி சுற்றி, ஒரு சாண் உயரத்தில் வெள்ளை மெழுகு பொம்மை. ரயில் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் பை, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து தூக்கம். கால் தரைக்கு எட்டவில்லை.

"நான்தான் அது" என்றார் பார்வதியம்மாள். "ஹார்பர் லைன்ல முப்பத்தாறு வருசம் இப்படித்தான் தூங்கிட்டுப் போனேன். மூக்கு மட்டும் எனக்கு இப்படிக் கெடையாது. எத்தன தடவ சொல்லியும் கேக்கல."

செய்தவர் அவர் கணவர் பிரம்மநாயகம். ரயில்வே பார்சல் ஆபீசில் குப்பை கொட்டிவிட்டு, ரிட்டயரான பிறகு ஏதோ வகுப்பில் சேர்ந்து மெழுகு வேலை கற்றுக்கொண்டாராம். சாப்பாட்டு மேசையில் மெழுகுவர்த்தியை உருக்கி உருக்கி எட்டு மாதம் செய்த பொம்மை. முடித்த மூன்றாம் வாரம் போய்விட்டார். அன்றிலிருந்து பொம்மை ஃப்ரிட்ஜில் காய்கறித் தட்டுக்கு மேலே இருக்கிறது. "கரண்ட் போனா எனக்கு உசுரு போவுது பாய். வெண்கலத்துல ஊத்திக் குடுத்திருங்க."

கலீலுல்லா பொம்மையைத் தராசில் வைத்தார். முக்கால் கிலோ. மெழுகைப் போல பத்து மடங்கு உலோகம் வேண்டும், ஏழரைக் கிலோ. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, சொல்ல வேண்டியதையும் சொன்னார். "அம்மா, இது உருகிப் போயிரும். திரும்ப வராது."

"தெரியும். ஆனா உருகி வர்ற மெழுக எனக்குத் தந்திரணும். எட்டு மாசம் அவரு விரல்ல கெடந்தது. அது எனக்கு வேணும்."

முப்பத்து மூன்று வருடத்தில் மெழுகைத் திருப்பிக் கேட்ட முதல் ஆள். கலீலுல்லா ஒரு கணம் யோசித்துவிட்டு, "தனியா எடுத்து வைக்கேம்மா. இது என் வார்த்த" என்றார்.

மண் பூசி, காயவைத்து, பதினாறு நாள் ஆயிற்று. வார்ப்பு அன்று மாரிசெல்விக்குக் காய்ச்சல், வரவில்லை. உலையில் மூசைக் கலத்துக்குள் உலோகம் பழுத்துக்கொண்டிருக்க, கலீலுல்லா அச்சைக் குறடால் பிடித்துத் தீயில் திருப்பித் திருப்பிக் காட்டினார். மெழுகு சொட்டியது, பிறகு நூலாக ஓடியது. தகர டப்பாவில் பிடித்தார். கடைசிச் சொட்டு விழுந்ததும் அச்சைக் குழியில் நட்டார். டப்பாவை எடுத்துச் சட்டியில் கவிழ்த்தார்.

கவிழ்த்த பிறகுதான் கை நின்றது. வேலை பழகிய கை, தலையைக் கேட்கவேயில்லை. சட்டியில் கிடந்த பழுப்பு மெழுகின் மேல் பிரம்மநாயகத்தின் வெள்ளை மெழுகு ஒரு வட்டமாகப் பரவி, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்போடு பழுப்பாகிவிட்டது. கரண்டியைத் தேடிப் பாய்ந்தார். எதை அள்ளுவது?

நின்று வருத்தப்படவும் முடியாது. அச்சு ஆறினால் உலோகம் பாதியில் உறைந்துவிடும். மூசையைத் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊற்றினார். மறுநாள் மண்ணை உடைத்தார். வழக்கமாக இரண்டு தட்டு தட்டிவிட்டு ஒரு பீடி குடிப்பார். அன்று பீடி பற்றவைக்கவில்லை. பெஞ்சு, பை, எட்டாத கால், அந்த அம்மாளுக்குப் பிடிக்காத மூக்கு, ஒரு முடி பிசகாமல் எல்லாம் வந்திருந்தது. எங்காவது ஒரு ஓட்டை விழுந்திருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வேலை இவ்வளவு சுத்தம், வார்த்தை மட்டும் போச்சு.

காய்ச்சல் தேறி வந்த மாரிசெல்விக்கு இதில் அழுகிற விஷயம் என்ன என்று புரியவில்லை. "அவரு உருக்குனது கடையில வாங்குன மெழுகுவத்திதான பாய்? நாமளும் நாலு பாக்கெட் வாங்கி உருக்கி உருண்டையாக்கிக் குடுத்திருவோம். அந்த அம்மா கொண்டு போய் சாமி ரூம்ல வைக்கப் போறாக. மெழுகு என்ன பேசவா போவுது?"

அவள் சொன்னது நல்லெண்ணத்தில்தான். கலீலுல்லா இரண்டு நாள் அரம் போட்டுச் சிலையைத் துலக்கிக்கொண்டே யோசித்தார். மூன்றாம் நாள் மெழுகுவர்த்தி வாங்கி வந்து உருக்கினார். முக்கால் கிலோ சரியாக நிறுத்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது. அச்சிலிருந்து வரும் மெழுகு இப்படியா இருக்கும்? மண்ணும் கரியும் ஒரு சிட்டிகை எடுத்துத் தூவிக் கிளறினார். அந்தச் சிட்டிகையை மாரிசெல்வி சொல்லித் தரவில்லை. அது அவருடைய சொந்தச் சரக்கு.

பக்கத்துச் சயானில் ஆட்டோ பிடித்துச் செம்பூர் போனார். பார்வதியம்மாள் சிலையைச் சாப்பாட்டு மேசையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பைக்குள் என்ன இருக்கிறது என்று தேடுகிறவரைப் போல அந்த வெண்கலப் பையைத் தொட்டார். பிறகு மூக்கைத் தொட்டுச் சிரித்தார். "இனிமே இத மாத்தவே முடியாது. ஜெயிச்சுட்டாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார். "மெழுகு?"

கலீலுல்லா உருண்டையைக் கொடுத்தார். பார்வதியம்மாள் அதை இரண்டு கையாலும் வாங்கி, கன்னத்தில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டார். அப்புறம் மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே சின்னக் கத்தி, கரண்டி, ஊசிகள். பிரம்மநாயகத்தின் சாமான்கள்.

"நான் எதுக்குக் கேட்டேன் தெரியுமா பாய்? அவரு என்னையச் செஞ்சாருல்லா, நான் அவரச் செய்யப் போறேன். இதே மெழுகுல. வகுப்புல சேந்துட்டேன், திங்கக்கெழமையிலேருந்து."

கலீலுல்லா நாற்காலியிலிருந்து எழுந்தார். நின்றபடிதான் சொல்ல முடியும் என்று தோன்றியது.

"அம்மா, இது அவரு மெழுகு இல்ல."

டப்பாவைக் கவிழ்த்ததைச் சொன்னார். மெழுகுவர்த்தி வாங்கியதைச் சொன்னார். நிறுத்துப் பார்த்ததைச் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம், ஆனால் மண் தூவியதையும் சொன்னார். அதைச் சொல்லாமல் போனால் மற்றதெல்லாம் சொன்னதில் அர்த்தமே இல்லை என்று இருந்தது.

பார்வதியம்மாள் உருண்டையை மேசைமேல் வைத்தார். முகம் சிவந்துவிட்டது. "எத்தனையோ பிள்ளைங்க பொய்யப் பாத்திருக்கேன் பாய். மண்ணெல்லாம் தூவி ஒரு பொய்ய இப்பத்தான் பாக்கேன்."

அவர் அழுதார். சத்தமாகவே அழுதார். கலீலுல்லா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கீழே தெருவில் பஸ் ஒன்று நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போயிற்று.

"அந்தச் சட்டி இருக்கா?" என்றார் பார்வதியம்மாள் கடைசியில்.

"இருக்கும்மா."

"நடுவுல எதுக்காவது எடுத்தீங்களா?"

"சின்னப் பூச மணி ரெண்டு செஞ்சோம், மெல்லிசாப் பூசுனது, ரெண்டே நாள்ல காஞ்சிட்டு. ஆனா அது உருகித் திரும்ப சட்டிக்கே வந்துட்டு. வெளிய போகல."

"மொத்தம் எவ்வளவு இருக்கும்?"

"பதிமூணு கிலோ இருக்கும்."

"அதுக்குள்ள அவரு இருக்காருல்லா?"

"இருக்காரும்மா. எந்தப் பக்கம்னுதான் தெரியாது."

பார்வதியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிரம்மநாயகத்தின் கத்தியையும் கரண்டியையும் ஊசியையும் மேசையில் வரிசையாக எடுத்து வைத்தார்.

"சின்னதாச் செய்யலாம்னு இருந்தேன். பரவால்ல, பெருசாவே செஞ்சிருதேன். பதிமூணு கிலோவும் வேணும்."

பதிமூன்று கிலோ மெழுகென்றால் நூற்று முப்பது கிலோ வெண்கலம். பழக்க தோஷத்தில் கலீலுல்லாவின் தலை கணக்குப் போட்டது. "அவ்வளவையும் ஊத்த என் மூசை தாங்காதும்மா."

"ஊத்தச் சொன்னேனா? அவர மெழுகாவே வச்சுக்கிடுதேன். இனிமே ஒருத்தரையும் உருக்க விட மாட்டேன்."

கலீலுல்லா சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"மாரி, சட்டிய அடுப்புலேருந்து இறக்கு. ஒரு கரண்டிகூட எடுக்காத."

"பாய், இன்னும் இருவது பூச மணிக்கு ஆர்டர் இருக்கு. மெழுகுக்கு எங்க போக?"

"இங்க முக்கா கிலோ புதுசா இருக்கு, கொண்டாரேன். அதுல மொதல்லேருந்து ஆரம்பிப்போம்" என்றார் கலீலுல்லா. "சட்டி அம்மாவுக்கு."