குஞ்சம்மா வாங்கித் தந்த பல்

குரும்பகரத்துக் குஞ்சம்மாவிடம் ஓர் எவர்சில்வர் தம்ளர் அன்பளிப்பாக வாங்கிக்கொண்டவர் ஆயுளுக்கும் தப்ப முடியாது. தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் அவள் பெயர் மூக்குக்கு நேரே நிற்கும்.

திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜில் அறைகளைக் கூட்டிப் பெருக்கும் வேலை அவளுக்கு. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. கையில் மிஞ்சுவதையெல்லாம் தம்பி கோவிந்தராசு வீட்டுக்குப் பாத்திரமாக வாங்கிப் போடுவாள். கடைக்காரர் உளியும் சுத்தியலும் வைத்து ‘சி. குஞ்சம்மா, குரும்பகரம்’ என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டி முடிக்கும்வரை கடையை விட்டு நகரமாட்டாள். தம்பி மகள் அல்லியும் பக்கத்தில் நின்று அதை வேடிக்கை பார்ப்பாள். கரண்டியில்கூட நாத்தனார் பேர்தான் என்று கோவிந்தராசுவின் மனைவி அமுதம் என்னிடம் முணுமுணுத்திருக்கிறாள்.

எண்பத்து மூன்றில் அல்லிக்கு எட்டு வயது. கீழ்க் கடவாய்ப்பல் சொத்தை விழுந்து பாதி உடைந்துவிட்டது. நான் அப்போது காரைக்காலில் ஒரு பல் டாக்டரிடம் நர்ஸ். டாக்டர் வேரைச் சுத்தம் செய்து அடைத்தார். மேலே எவர்சில்வர் உறை ஒன்றை மாட்டினால் பல் நிற்கும். மாட்டாவிட்டால் மிச்சமும் உடையும், பிறகு பிடுங்கத்தான் வேண்டும். அது விழுந்து முளைக்கிற பல் அல்ல. உறையின் செலவு தன்னுடையது என்று குஞ்சம்மா முந்திக்கொண்டாள்.

வேர் அடைத்தபோது ஊசிக்குக்கூட வாயைத் திறந்த பெண், உறை என்றதும் இறுக மூடிக்கொண்டாள். இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் திரும்பினார்கள். அடுத்த வாரமும் இப்படித்தான் என்றால் பிடுங்கிவிடுவதே மேல் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் அவளைத் தயார் செய்தார்களாம். செய்த லட்சணத்தைக் கேளுங்கள். டாக்டர் சும்மா பார்க்கத்தான் போகிறார் என்றாள் அமுதம். எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் என்றான் கோவிந்தராசு. எறும்பு கடித்தால் வலிக்கும் என்று எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரியாதா? மாட்டிக்கொண்டால் கொலுசு, இல்லாவிட்டால் முதுகுத் தோல் உரியும் என்றாள் குஞ்சம்மா. என் வேலையில் பிள்ளைகளோடு மல்லுக்கட்டியதைவிடப் பெரியவர்களோடு மல்லுக்கட்டியதுதான் அதிகம். என்ன நடக்கப் போகிறது என்பதை நடக்கிற வரிசையில் சொன்னால் போதும். அதற்கு மட்டும் யாருக்கும் வாய் வராது.

வந்த அன்றும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அல்லி ஒன்றுதான் சொன்னாள்.

“புடுங்கிடுங்க.”

வலிக்குப் பயந்த பிள்ளை பிடுங்கச் சொல்லாது. மூவரையும் வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, உறையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“என்னடி தேடுற?”

“பேரு எப்ப வெட்டுவாங்க? வாயில மாட்டுனப்பறமா?”

“யாரு பேரு?”

“அத்த பேருதான். அத்ததான வாங்கித் தருது. வாயில உளிய வச்சுத் தட்டுனா வலிக்கும்ல?” கொஞ்சம் பொறுத்து, “ஸ்கூல்ல வேற எல்லாரும் படிப்பாங்க” என்றாள்.

ஒரு வாரமாக மூன்று பேர் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசியிருக்கிறார்கள். எதற்குப் பயப்படுகிறாய் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பேர் வெட்டமாட்டார்கள் என்று நானே சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தனை புளுகு கேட்ட பிள்ளை எதை நம்பும்? குஞ்சம்மாவை உள்ளே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. உறையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“ஏங்க நர்சம்மா, இத்துனூண்டுல வெட்ட முடியாதாங்க?”

“குஞ்சம்மா, பல்லு வேணுமா, பேரு வேணுமா?”

பேர் இல்லாமல் அவள் யாருக்கும் எதையும் கொடுத்ததில்லை. உறையை என் கையில் திருப்பி வைத்தாள். பிறகு நாற்காலி அருகே குனிந்தாள்.

“பேரு கீரு ஒண்ணும் வெட்டல புள்ள. ஓம் பல்லு அது.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அதன்பின் நான் சொன்னேன். மிஷின் வைத்துப் பல்லின் ஓரத்தைத் தேய்ப்பார்கள், சத்தம் வரும். உறையை அழுத்தும்போது ஈறு வலிக்கும். பசை கசக்கும். பஞ்சைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். தாங்கவில்லை என்றால் கையைத் தூக்கு, டாக்டர் நிறுத்துவார். ஒருமுறை தூக்கினாள், நிறுத்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே மறுபடி வாயைத் திறந்தாள். உறை உட்கார்ந்தது.

வெளியே வந்ததும் பெஞ்சில் காத்திருந்தவர்கள் முன்னால் குஞ்சம்மா அவளை நிறுத்தி, ஆ காட்டச் சொன்னாள். நான் வாங்கித் தந்தது என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். பஸ்ஸில் கண்டக்டரிடமும் சொன்னாளாம். ஊரில், லாட்ஜில், கல்யாண வீட்டுப் பந்தியில், அல்லி சிரிக்கிற இடமெல்லாம் அவள் சொல்லாமல் விட்டதில்லை.

அடுத்த வருஷம் தன் பல்லைக் காட்ட வந்த அமுதம் என்னிடம் சொன்னாள்:

“பேர வெட்டியே தொலச்சிருக்கலாம் நர்சம்மா.”